ஒழுகுற வேனும் பவளத்து மேல விழுந்த பழியும்

ஒரு ஊர்ல ஒரு வேன் இருந்துச்சாம். ஒரு ஊர்லன்னு சொல்றதே தப்பு, அது எந்த ஊர்லயும் நிலையா நிக்காது. எங்க தேர் ஓடுதோ, எங்க பூமிதி நடக்குதோ, அங்க போய் நிக்கும். ம் சொல்லிட்டே வா. நீ ம் சொன்னாத்தான் வண்டி நகரும்.

அந்த வேன்லயே குடியிருந்தாங்க மாசிலாமணியும் அவன் பொண்டாட்டி தமயந்தியும். திருவிழாவுக்குத் திருவிழா பொம்மைக் கடை போடறவங்க. அது ஒரு காலத்துல பள்ளிக்கூட வேன். சீட்டையெல்லாம் கழட்டிட்டு, பலகை அடிச்சுப் படுக்கை போட்டு, கதவோரமா ஒரு அடுப்பு வெச்சுட்டாங்க. படுக்கைக்கு அடியில பொம்மை மூட்டை. யாராவது புரண்டு படுத்தா கீழ ஏதோ ஒரு பொம்மை கீய்ங்னு கத்தும். தமயந்திக்கு அந்த வேன்னா உசுரு, புருசன் கூட ஊர் ஊராப் போறதுன்னா அதைவிட உசுரு.

அப்புறம் தமயந்தி மாசமானா. அம்மா இல்லாத பொண்ணு, அதனால அக்கா அங்காயி வந்து வளைகாப்புப் போட்டு, பிரசவத்துக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. பொண்ணு பொறந்துச்சு, பவளம்னு பேரு வெச்சாங்க. இங்க மாசிலாமணிக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. புள்ள வந்தாத் தூளி வேணுமே. வீடா இருந்தா உத்தரத்துல கட்டலாம், வேனுக்கு ஏது உத்தரம்? என்ன பண்ணான் தெரியுமா, டிரில்லிங் மிஷினை இரவல் வாங்கிக் கூரைத் தகட்டுல கொர்ர்ர்னு ஒரு ஓட்டை போட்டான். உள்ளருந்து பெரிய கொக்கியா ஒண்ணை விட்டு, மேல நட்டு போட்டு இறுக்கினான். அதைப் பிடிச்சுத் தொங்கியும் பார்த்தான், அசையலை. தமயந்தி வந்து அதைப் பார்த்துட்டு, இவ்வளவு யோசிச்சு வெச்சிருக்கியான்னு கண் கலங்கிட்டா.

கூடவே அங்காயியும் வந்திருந்தா, புள்ளையைக் கொண்டுவந்து விட. நாலு நாள் இருந்துட்டுப் போறேன்னுதான் வந்தா. வந்த மூணாம் நாளே மழை பிடிச்சுக்கிச்சு. அங்காயி ரசம் கூட்டிட்டு இருக்கா, அப்போ மேல இருந்து சொட். அண்ணாந்து பார்த்தா இன்னொரு சொட், நேரா அவ நெத்தியில. ஆடிப்போயிட்டா அங்காயி. கரண்டியைக் கீழ வெச்சுட்டுச் சொன்னா, "இந்தா தம்பி, பச்சை உடம்புக்காரியும் பால் குடிக்கிற புள்ளையும் இருக்கிற இடத்துல மழை பேயுது. இந்த ஒழுகல் நிக்கிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். நிக்கலைன்னா ரெண்டு பேரையும் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்."

தமயந்திக்கு அது ஆகுமா? அங்க போனா புருசன் எங்கியோ, அவ எங்கியோ. மழை ஓயட்டும், வெயில் வரட்டும்னு நாள் தள்ளி, கடைசியில புள்ள அப்பனைப் பார்த்து யார் இதுன்னு அழும். எப்படியாவது இந்த ஒழுகலை நிறுத்துன்னு மாசிலாமணியைக் கெஞ்சினா. ம் சொல்லு. சரி.

மொதல்ல அவன் தார் காய்ச்சினான். ரோடு போடறவங்க கிட்ட ஒரு டின் கேட்டு வாங்கி, அடுப்புக்கு நேரா மேல, எங்க சொட்டுச்சோ அங்க கொழகொழன்னு ஊத்திட்டு வந்தான். மறுநாள் அடிச்சது பாரு ஒரு வெயில். தார் இளகி, ஏதோ ஒரு இடுக்கு வழியா இறங்கி, வேனுக்குள்ள காயப் போட்டிருந்த அங்காயியோட சந்தனக் கலர் சேலையில கறுப்பா பொட்டு வெச்சிருச்சு. ஒண்ணு இல்ல, வரிசையா. அங்காயி அந்தச் சேலையைத் தூக்கிப் பிடிச்சுப் பொட்டை ஒவ்வொண்ணா எண்ணினா. அன்னிக்குச் சாயங்காலம் மழை பேஞ்சு அடுப்பு மேல மறுபடியும் சொட், சொட்.

அப்புறம் மாசிலாமணி ஃபிளெக்ஸ் பேனர் கொண்டு வந்தான். ரோட்டுல கட்டுவாங்களே, கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, அதுதான். எங்கியோ பழசு கிடைச்சுது, விரிச்சுக் கூரை மேல கட்டிட்டான். கீழ நிக்கிறவங்களுக்கு ஓரம் மட்டும்தான் தெரியும். ஆனா பக்கத்துல ராட்டினம் சுத்துது இல்ல? அது உச்சிக்குப் போகுது, அப்போ உச்சியில இருந்த பொம்பளைங்க வீல்னு கத்துதுங்க. ராட்டினத்தை நிறுத்திட்டாங்க. என்னடான்னு அங்காயி எப்படியோ ஏணி போட்டு ஏறிப் பார்த்தா, வேன் கூரை அகலத்துக்கு மீசை வெச்ச ஒருத்தர் வானத்தைப் பார்த்துச் சிரிச்சுட்டு இருக்கார். அவர் தலைக்கு மேல பெருசா எழுதியிருக்கு, கண்ணீர் அஞ்சலி.

அட கடவுளே, யோசிச்சுப் பாரு, செத்தவருக்குக் கட்டின பேனருக்குக் கீழ பச்சப்புள்ள தூங்கியிருக்கு. எனக்கே சொல்லும்போது திக்குங்குது. அங்காயி இறங்கி வந்து மடக்கு மடக்குன்னு ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சா, புள்ளைக்கு உப்பு மொளகா சுத்திப் போட்டா, அப்புறம்தான் மாசிலாமணியைத் திட்ட ஆரம்பிச்சா. மாசிலாமணி எழுத்தைப் பார்க்கலை மதினின்னு தலையைச் சொறிஞ்சான். பேனரைக் கழட்டியாச்சு.

இதுக்கு நடுவுல இன்னொரு தொல்லை. பவளம் விடியக்காலையில அழுதுட்டே முழிக்கும். எடுத்துப் பார்த்தா தூளி ஈரம். மழைக்குளிருக்குப் புள்ளைங்க அப்படித்தான் அடிக்கடி போகும்னா அங்காயி. தமயந்தியும் துணியை மாத்தி, அலசி, பிழிஞ்சு, அலுத்துட்டா.

மூணாவதா என்ன பண்ணான்? தூங்காதே, இதைக் கேட்டுட்டுத் தூங்கு. சிமெண்ட் கலந்தான். ஆமா, சிமெண்ட். மணல், ஜல்லி எல்லாம் போட்டுக் குழைச்சு, கரண்டியால தேய்ச்சுத் தேய்ச்சு, வேன் தலை மேல மொட்டை மாடி மாதிரி ஒரு தளமே போட்டுட்டான். ஓடற வண்டிக்கு யாராவது தளம் போடுவாங்களா? வேன் முக்கிச்சு, க்ரீச்சுனு பின்பக்கம் உட்கார்ந்துச்சு. ஆனா பாரு, அடுத்த மழைக்கு அடுப்பு மேல ஒரு சொட்டு விழலை. அங்காயியே கையை நீட்டி நீட்டிப் பார்த்தா, காஞ்சு கிடந்துச்சு. சரி, நாளைக்கு அடுத்த ஊர்த் திருவிழா வரைக்கும் உங்க கூட வந்துட்டு, அங்கருந்து நான் ஊருக்குப் போறேன்னுட்டா. தமயந்திக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு.

மறுநாள் காலையில பார்த்தா தூளி மறுபடியும் ஈரம். பவளம் கத்துது. கூரைதான் ஒழுகலையே, அப்போ எல்லாம் இந்தப் புள்ள பண்ற வேலைதானேன்னு தமயந்திக்கு ஆத்திரம் வந்துச்சு. ஒரு மாசமாத் தூக்கம் இல்லாதவ. தொடையில பட்டுனு ஒண்ணு வெச்சுட்டா. பவளம் ஒரு நிமிஷம் அழுகையை நிறுத்தி அவளையே பார்த்துச்சு.

அப்புறம் வேன் கிளம்பிச்சு. மழை சோன்னு கொட்டுது. மாசிலாமணி ஓட்டறான், அக்காவும் தங்கச்சியும் பின்னால. தூளி ஆடுது, தடக் தடக்னு வண்டி ஆடுது. பாதி வழியில பவளம் வீறிட்டு அழ ஆரம்பிச்சுது. தமயந்தி எழுந்திரிச்சா, அங்காயி கையைப் பிடிச்சு இழுத்து உட்கார வெச்சா. அழுதவுடனே தூக்கினா அதே பழக்கமாயிரும், கொஞ்ச நேரம் அழட்டும்னா. தமயந்தி உட்கார்ந்தா. புள்ள அழுகுது. மூச்சு விடாம அழுகுது. அவளுக்குத் தாங்கலை, எழுந்திரிச்சுப் போய்த் தூளியைத் தொட்டா.

ஈரம். ஆனா ஈரம் புள்ளைக்குக் கீழ மட்டும் இல்லை. புள்ள தலைக்கு மேல, சேலையை முடிச்சுப் போட்ட இடம் சொதசொதன்னு இருக்கு.  படுத்துக் கிடக்கிற புள்ள தன் தலைக்கு மேல எப்படி நனைக்கும்? கையை மேல கொண்டு போனா, கயிறு ஈரம். இன்னும் மேல, கொக்கி ஈரம். கொக்கியைச் சுத்தித் தகடு துரு ஏறி, அப்பளம் மாதிரி பொருபொருன்னு இருக்கு. தண்ணி சத்தமே போடாம அந்த ஓட்டை வழியா இறங்கிக் கயித்தைப் பிடிச்சு வந்து புள்ள மேல சேர்ந்திருக்கு. இத்தனை நாளா அடுப்பு மேல சொட்டினதும் அதே ஓட்டைத் தண்ணிதான், தகட்டுக்கு அடியில ஊர்ந்து வந்து அங்க சொட்டியிருக்கு. சிமெண்ட் கனத்துல வண்டி பின்பக்கம் சாஞ்சதும், விரிசல்ல இறங்கின தண்ணி அடுப்புப் பக்கம் வராம மொத்தமும் தூளிக்கே போயிருக்கு. அப்பன் ஆசையாப் போட்ட ஓட்டை.

அவ பவளத்தை வாரி எடுத்தா. எடுத்து ஒரு அடி பின்னால வெச்சிருப்பா, வண்டி ஒரு வேகத்தடையில ஏறி டமார்னு இறங்கிச்சு. கொக்கி, நட்டு, துருப்பிடிச்ச தகடு, அதுக்கு மேல ஒரு பாளம் சிமெண்ட், எல்லாம் சேர்ந்து தொப்புனு தூளிக்குள்ள விழுந்துச்சு. சேலை கிழிஞ்சு தரையில போய் இடிச்சுச்சு. மேல ஓட்டை வழியா வானம் தெரியுது, மழை உள்ளயே கொட்டுது.

மாசிலாமணி பிரேக் போட்டு ஓடி வந்தான். கிழிஞ்ச தூளியைப் பார்த்தான், அவன் கண்ணு புள்ளையைத் தேடுச்சு. தமயந்தி தோள்ல பவளத்தைப் பார்த்ததும் படியிலயே உட்கார்ந்துட்டான். அங்காயி சிமெண்ட் பாளத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறா, அழட்டும்னு நான்தானே சொன்னேன், நான்தானே சொன்னேன்னு அதையே சொல்றா. தமயந்தி யாரையும் பார்க்கலை. தொடையில அவ விரல் பட்ட இடத்தைத் தடவிட்டே புள்ள காதுல சொன்னா, "நீ சொல்லிட்டுத்தான்டி இருந்த. எனக்குத்தான் கேக்கலை."

அப்புறம் அவளே சொன்னா, நான் அக்கா கூடப் போறேன்னு. மாசிலாமணி துணிமணியை மூட்டை கட்டிக் குடுத்தான்.

ம்? ஏன் அழுவுற, இன்னும் முடியலை. மாசிலாமணி தாரைச் சுரண்டினான், சிமெண்டை உடைச்சான். டிங்கர் பட்டறையில விட்டு, அந்தத் தகட்டையே வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வெச்சு வெல்டிங்ல பத்த வெச்சான், அதுல ஒரு ஊசி ஓட்டை கிடையாது. தூளிக்குத் தரையில நிக்கிற மாதிரி இரும்புக் காலு செஞ்சான். வெயிலா இருக்கும்போது அவன் போகலை. நல்லா மழை வலுக்கட்டும்னு காத்திருந்து, கொட்டற மழையில அங்காயி வீட்டு வாசல்ல கொண்டுபோய் வேனை நிறுத்தினான்.

அங்காயி வேனுக்குள்ள ஏறிக் கூரை முழுக்கக் கையால தடவிப் பார்த்தா. தமயந்தி தூளிக்குள்ள தலையையே விட்டுப் பார்த்தா. எங்கயும் ஈரம் இல்லை. சரின்னு பவளத்தைப் போட்டு ஆட்டினாங்க. ஆட்டின உடனே பவளம் வீல்னு ஒரு கத்து.

அவ்வளவுதான், மூணு பேரும் ஒரே பாய்ச்சல். தமயந்தி புள்ளையைப் பறிச்சு எடுத்தா, மாசிலாமணி ரெண்டு கையாலயும் கூரையைத் தாங்கிப் பிடிச்சான், அங்காயி தூளியைத் தலைகீழாக் கவுத்து உதறினா. ஒரு சொட்டு இல்லை, ஒரு தூசி இல்லை. மூணு பேரும் மூச்சைப் பிடிச்சுட்டு அந்தப் புள்ள மொகத்தையே பார்க்கறாங்க. பாவம், அதுக்குப் பசி.

வேன் கிளம்பிருச்சு கண்ணு, கதையும் அதுல ஏறிப் போயிருச்சு. நீ கண்ணை மூடு.