ஒரே ஒரு ஐஸ் சட்டை

கடலோர ஊர் ஒன்றில் அமிலத் தொட்டிகளைக் கழுவும் வேலை நடந்தது. தொட்டியில் இறங்குபவர்கள் தலை முதல் கால் வரை கனத்த ரப்பர் அங்கி அணிவார்கள். அதற்குள் காற்று நுழையாது, வியர்வை காயாது. பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் கேட்காது. தன் மூச்சு மட்டும்தான் துணை. அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அவ்வப்போது சுரண்டியால் தொட்டிச் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார்கள். ‘நான் இருக்கிறேன்’ என்று பொருள்.

அங்கிக்கு அடியில் அணிய, ஐஸ் பைகள் வைத்த சட்டைகள் உண்டு. முந்தின இரவு மின்சாரம் போய்விட்டதால் ஒரு சட்டைக்கு மட்டுமே ஐஸ் தேறியது. தொட்டியோ கசிந்துகொண்டிருந்தது. வேலையைத் தள்ளிப்போட முடியாது.

மேற்பார்வையாளர் பெர்னதெத், அன்று இறங்கவிருந்த மூவர் முன் அந்தச் சட்டையோடு நின்றார்.

“எனக்குத் தாங்க மேடம். கோடை முழுக்க இறங்குறேன். பூட்ஸுக்குள்ள வியர்வை குளமா நிக்குது” என்றான் இசக்கி.

“அதுல மீன் வளத்துக்கோலே” என்றான் சுடலை. “நானும் தினம்தான் இறங்குறேன். முறைப்படி இன்னைக்கு எனக்கு மேடம்.”

அது உண்மைதான்.

தங்கப்பழம் எதுவும் கேட்கவில்லை. மூவரில் அவரே பலசாலி; அனுபவசாலியும்கூட. மனைவியின் வைத்தியத்துக்காக ஒரு மாதம் குன்னூரில் இருந்தவர், அங்கேயே மனைவியை அடக்கம் செய்துவிட்டு முந்தின நாள்தான் தனியாகத் திரும்பியிருந்தார்.

“நீங்க, அண்ணாச்சி?” என்று அவரைக் கேட்டார் பெர்னதெத்.

“பயலுகளுக்குக் கொடுங்க மேடம். இந்தச் சூடு எனக்குப் பழகினதுதான். வீட்டுல இருக்கிறதுக்கு இது தேவலை.”

இதுவரை படித்ததை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். சட்டையை யாருக்குக் கொடுப்பது சரி?

விடை: தங்கப்பழத்துக்கு. சூட்டைத் தாங்க உடம்பு நாள்தோறும் பழக வேண்டும். சில வாரம் விலகியிருந்தால் அந்தப் பழக்கம் போய்விடும். குன்னூர்க் குளிரிலிருந்து வந்தவரின் உடம்பு, முதல்நாள் வேலைக்கு வந்தவனின் உடம்பு போன்றது. அவருக்குத்தான் அது தெரியவில்லை. இசக்கியின் வியர்வையோ, அவன் உடம்பு பழகிவிட்டதற்கு அடையாளம். மூவரும் ஒரே நிலையில் இருந்திருந்தால் சுடலையின் முறை செல்லும். ஆனால், பழகிய உடம்புக்கும் அந்த அங்கி ஆபத்துதான். ஆகவே பெர்னதெத், சட்டையைத் தங்கப்பழத்துக்குக் கொடுத்ததோடு, மூவரையும் அடிக்கடி மேலே வரவழைப்பது, தங்கப்பழத்தை எல்லோருக்கும் முன்னதாக வரவழைப்பது என்று முடிவு செய்தார். தொட்டியில் இறங்கியதும் தங்கப்பழம் தட்டாமல் நின்றார். இடப்பக்கத்திலிருந்து இரண்டு தட்டு வந்தது. பிறகு வலப்பக்கத்திலிருந்து இரண்டு. அவர் மெல்லச் சுரண்டியை உயர்த்தினார்.