லாபம், ரெண்டு, மூணு

"வேலை கிடைக்குது டீச்சர். நிக்கத்தான் மாட்டேங்குது."

சொன்னவர் தில்லைநாதன். நாற்பத்து மூன்று வயது. கேட்டுக்கொண்டிருந்த ரஹ்மத்துக்கு இருபத்தெட்டு.

மனநோயிலிருந்து மீண்டு வருகிறவர்கள் ஒரு வேலையில் காலூன்றி நிற்பதற்காகக் கும்பகோணத்தில் ஒரு சிறு பயிற்சி மையம் இருந்தது. அங்கே அவள் ஆசிரியை. அவர் மாணவர்.

"இதுவரைக்கும் எத்தனை வேலை அண்ணே?"

"ஆறு போச்சு. இது ஏழாவது. இதுவும் வெள்ளிக்கிழமையோட போயிடும்."

அவள் காத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியத்தில் பாதி, காத்திருப்பதுதான்.

"எட்டாவது தேட மாட்டேன் டீச்சர். அக்கா வீட்டு உள்ளறையிலேயே உக்காந்துடுவேன். சோறு போடுவா. போட்டுக்கிட்டே இருப்பா."

கல்யாணச் சமையல் குழு ஒன்றில் அவருக்கு அரிசி அளக்கும் வேலை. போன முகூர்த்தத்தில் எண்பது படி அளக்க வேண்டியது. அறுபத்தெட்டோடு நிறுத்திவிட்டார். எண்பது என்றுதான் நினைத்தார்.

மூன்றாம் பந்தியில் சாதம் இல்லை. பெண்ணைப் பெற்றவர் வெறும் இலைகளுக்கு முன்னால் கைகூப்பி நின்றார்.

"அந்த மனுஷன் கையைப் பார்த்தேன். நடுங்குச்சு."

"சமையல் மாஸ்டர் என்ன சொன்னார்?"

"வெள்ளிக்கிழமை தொள்ளாயிரம் இலை. தொண்ணூறு படி. ஒரு படி பிசகினாலும் வேற இடம் பார்த்துக்கன்னார்."

மூன்று மாதமாக அவர் மையத்துக்கு வருகிறார். கணினித் திரையில் நட்சத்திரம் வந்தால் பொத்தானைத் தட்டுவார். மேகம் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். பத்துப் பொருள்களின் பெயரைக் கேட்டு, கடைசியிலிருந்து திருப்பிச் சொல்வார். முதல் வாரம் மூன்று சொன்னார். இப்போது எட்டு.

"இங்கே தொண்ணூறு மார்க் வாங்குறேன். அடுப்படியில தோத்துப்போறேன். ஏன் டீச்சர்?"

"இந்தப் பொட்டி உங்களைக் கூப்பிட்டுப் புளி எங்கேன்னு கேக்காது."

அவள் எழுந்து உள்ளே போனாள். ஒரு படி, அரை மூட்டை அரிசி, ஓர் அண்டா. மூன்றையும் கொண்டுவந்து வைத்தாள்.

"அளங்க."

அவர் அளந்தார். உதடுகள் தைத்தாற்போல் மூடியிருந்தன.

"மழை வருமா அண்ணே?" என்றாள். "பஸ்ஸுல இடம் கிடைச்சுதா? அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா?"

படி அந்தரத்தில் நின்றது.

"எத்தனை?"

"பதினேழு." முகம் சுருங்கியது. "இல்லை. இருபது." பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார். "எனக்குப் பதினேழு. அவனுக்கு இருபது."

அவன் யார் என்று அவள் கேட்கவில்லை. தெரியும். பத்தொன்பது ஆண்டுகளாக அவர் தலைக்குள் ஒரு குரல் இருந்தது. மாத்திரைகள் அதன் தொண்டையைக் கட்டியிருந்தன. ஊரைவிட்டு அனுப்பவில்லை. முன்பெல்லாம் அது அவரைத் திட்டும். இப்போது அதற்கும் வயதாகிவிட்டது போலிருக்கிறது. எண்ணிக்கொண்டிருந்தது. தப்புத் தப்பாக.

"அவர் எங்கேருந்து எண்ணுறார்?"

"உள்ளேருந்து."

"நீங்க?"

"நானும் உள்ளேருந்துதான்."

"ஒரே அறைக்குள்ள ரெண்டு பேர் உக்காந்து எண்ணினா?"

அவர் படியை அரிசிமேல் வைத்தார்.

"ஒருத்தர் வெளியே வரணும். அவரால வர முடியாது."

"ஏன்?"

"அவருக்கு வாய் கிடையாதே அண்ணே."

அவருக்குக் கோபம் வந்தது.

"வாயைத் திறந்துதான் டீச்சர் அச்சாபீஸ் வேலை போச்சு! தனியா நின்னு முணுமுணுக்கிறான், பார்க்கவே பயமா இருக்குன்னு அனுப்பினாங்க. அன்னிக்கு மூடினது. தெருவில நடந்தாலும் கையால பொத்திக்கிட்டுத்தான் நடப்பேன். தூங்கும்போதுகூட வாய் மேல துண்டைப் போட்டுக்கிறேன். உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது" என்றாள் ரஹ்மத். "இங்கே நான் மட்டும்தான் இருக்கேன். ஒரே ஒரு தடவை."

ஜன்னலுக்கு வெளியே ஒரு சைக்கிள் போயிற்று. அதன் மணிச்சத்தம் தேய்ந்து மறையும்வரை அவர் நின்றார்.

பிறகு குனிந்து ஒரு படி அரிசியை அள்ளினார்.

"லாபம்."

"என்ன சொன்னீங்க?"

"முதல் படிக்கு ஒண்ணுன்னு சொல்லக் கூடாது டீச்சர். லாபம்னுதான் சொல்லணும். அப்புறம் ரெண்டு, மூணு."

"யார் வச்ச சட்டம்?"

"யார் வச்சதோ! நெல்லு அளந்த காலத்திலேருந்து வருது. அளக்கிறவங்க எல்லாரும் சொல்றதுதான்."

"மனசுக்குள்ளேயா?"

"மனசுக்குள்ள சொன்னா யாருக்குக் கேக்கும்? உரக்கத்தான். எட்டு வீட்டுக்குக் கேக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

ரஹ்மத் சிரித்தேவிட்டாள்.

"தனியா நின்னு சத்தம் போட்டா லட்சணம்னு சொல்ற வேலை இந்த ஊருக்குள்ள ஒண்ணே ஒண்ணு இருக்கு போல. அதைத் தேடிப் புடிச்சுட்டு, வாயை மூடிக்கிட்டு நிக்கிறீங்களே அண்ணே!"

வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது.

நான்கு நாளும் அவர் அளந்தார். அவள் தொந்தரவு செய்தாள். தட்டைத் தரையில் போட்டாள். கதவைச் சாத்தினாள். தன் நாத்தனாரைப் பற்றிப் புகார் சொன்னாள். அவர் குரல் முதலில் திருட வந்தவன் குரல் போல இருந்தது. முப்பதில் கணக்கு தவறியது. மறுநாள் ஐம்பத்தொன்றில்.

நான்காம் நாள் படியைக் கீழே வைத்துவிட்டார்.

"வாய் சரியாத்தான் சொல்லுது. பத்து மாறும்போது கலங்குது. முடிஞ்சது அறுபதா, எழுபதா? அதுக்கு என்ன வழி?"

"தெரியலை" என்றாள்.

"நீங்கதானே டீச்சர்!"

"உங்க அடுப்படியை நான் பார்த்ததே இல்லையே. அங்கே என்ன இருக்கு, என்ன இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்.

வெள்ளிக்கிழமை. விடியும் நேரம். மண்டபத்துக் கொல்லையில் கோட்டையடுப்புகள் எரிந்தன. பாக்கியம் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபுறமும் நான்கு பெண்கள், நான்கு அரிவாள்மணைகள்.

தில்லைநாதன் மூட்டையைப் பிரித்தார். சுற்றிலும் பார்த்தார். தாம்பூலத்துக்கு வைத்திருந்த தட்டில் அவர் கண் சற்று நேரம் நின்றது. அந்தத் தட்டை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

முதல் படியை அள்ளினார்.

"லாபம்."

அரிவாள்மணைகள் நின்றன.

"அடியாத்தீ!" என்றாள் பாக்கியம். "ஊமைச்சாமி வாயைத் தொறந்துடுச்சு! மாஸ்டர், பந்தலை இழுத்துக் கட்டுங்க. இன்னிக்கு மழைதான்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"ரெண்டு."

ஒன்பது என்றது உள்ளே.

"மூணு" என்றார் வெளியே.

பத்து வந்தது. தட்டிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து அண்டாவின் மூடிமேல் வைத்தார். இருபது வந்தது. இன்னொன்று வைத்தார்.

"புளி எங்கேய்யா வச்சே?" என்றாள் பாக்கியம், வேண்டுமென்றே.

இடது கை ஜாடியைக் காட்டியது. வலது கை நிற்கவில்லை. "நாப்பத்தி ரெண்டு."

மாப்பிள்ளையின் மாமா வந்து காபி எங்கே என்று கத்தினார். மாஸ்டர் சாம்பமூர்த்தி பதிலுக்குக் கத்தினார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. எழுபது, என்றது உள்ளே. எழுபது தாண்டியாச்சு. போன தடவை மாதிரிதான். எழுபது.

படி நின்றது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

அவர் மூடியைப் பார்த்தார்.

ஆறு பாக்கு.

"அறுபத்தி நாலு!"

வாசலில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த நாதஸ்வரக்காரர் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்.

எழுபதுக்குப் பிறகு பாக்கியம் கேலி பேசவில்லை. அவர் ஒரு எண் சொன்னால் அவள் ஒரு காய் நறுக்கினாள். எண்பதுக்கு மேல் அவளும் கூடச் சொன்னாள். பக்கத்துப் பெண்களும் சொன்னார்கள். நாற்று நடுகிறவர்கள் பாட்டு மாதிரி வாய்க்கு வாய் அது பரவிற்று.

"தொண்ணூறு!" என்றது கொல்லை முழுவதும்.

மாஸ்டர் வந்து மூடிமேல் இருந்த பாக்குகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒன்பது. அடுப்புப் பக்கம் போனார்.

மூன்று பந்தி நடந்தது. கடைசி இலைக்கு மோர்ச் சாதம்வரை இருந்தது. அதற்கு மேல் சமைத்தவர்களுக்கும் இருந்தது.

பெண்ணைப் பெற்றவர் கொல்லைக்கு வந்தார். இவரும் கைகூப்பினார்.

தில்லைநாதன் அந்தக் கையைப் பார்த்தார். நடுங்கவில்லை.

"வயிறு நிறைஞ்சு எழுந்திருக்காங்கய்யா" என்றார் அந்த மனிதர்.

போகும்போது மாஸ்டர் கூப்பிட்டார். "ஏய், ஞாயித்துக்கிழமை ஆயிரத்து இருநூறு இலை. இனிமே அரிசி உன் பொறுப்பு. படியை மறந்தாக்கூடப் பரவாயில்லை. வாயை மறக்காமக் கொண்டு வந்துடு."

சனிக்கிழமை காலையில் அவர் மையத்துக்கு வந்தார். கையால் வாயைப் பொத்தாமல் தெருவில் நடந்து வந்ததை ரஹ்மத் ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

மேசைமேல் ஒன்பது கொட்டைப்பாக்கை வைத்தார்.

"இது யார் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்லை."

அவள் அவற்றை ஒவ்வொன்றாக வரிசையில் அடுக்கினாள். அடுக்கி முடித்துவிட்டு, மறுபடியும் கலைத்து அடுக்கினாள்.

"அவர் எப்படி இருக்கார்?"

"இருக்கான் டீச்சர். போகலை." தில்லைநாதன் குரலைத் தாழ்த்தினார். "ஆனா எண்பதுக்கு மேல அவன் முந்தலை. நான் எண்பத்தொண்ணுன்னா, சித்த நேரம் கழிச்சு அவனும் எண்பத்தொண்ணுங்கிறான். என் பின்னாலேயே வர்றான். அவனை நான் என்ன செய்யட்டும்?"

ரஹ்மத் படியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நிதானமாச் சொல்லிக் குடுங்க அண்ணே. இப்பத்தானே பள்ளிக்கூடத்துல சேர்ந்திருக்கார்."