காரி கொடுத்த மேல்வரிசைப் பல்

அந்தக் காலத்தில், வாயுள்ள பிராணியெல்லாம் வாய்விட்டுப் பேசிய காலத்தில், மாட்டுக்கு மேல்வரிசையிலும் முன்பல் இருந்தது. குதிரைக்கு இருப்பதுபோலவே பளிச்சென்று இருந்தது. ஒரு வாய்ப் புல்லைக் கடிக்கும். நின்ற இடத்திலேயே மெல்லும். கூழாக்கி விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். காலையில் மேயத் தொடங்கினால் பொழுது சாயும்வரை அதுவே வேலை. வயிற்றுவலி என்ற சொல்லே மாட்டுச் சாதியில் கிடையாது.

அப்புறம் செங்கோடன் கலப்பை செய்தான்.

செங்கோடன் கெட்டவன் அல்ல. கெட்டவனாக இருந்திருந்தால் காரியம் சுலபம். அவன் அவசரக்காரன். "மழைக்கு ஒதுங்கத் தொழுவம் தருகிறேன், வயிறு நிறையச் சோளத்தட்டு போடுகிறேன், எனக்கு உழுது கொடுங்கள்" என்று மாடுகளைக் கூப்பிட்டுப் பேசினான். மாடுகளும் சரி என்றன. தீனி எவ்வளவு என்று பேசினார்கள். தின்ன எவ்வளவு நேரம் என்று பேசவில்லை. எந்த ஒப்பந்தத்திலும் ஏமாந்தவன் ஏமாந்தது பேச மறந்த இடத்தில்தான்.

உச்சிப்பொழுதில் செங்கோடன் ஏரை நிறுத்துவான். பாவாயி, அவன் மனைவி, கொண்டுவந்த கம்பஞ்சோற்றை உருட்டி உருட்டி வாய்க்குள் போடுவான். பல்லில் படாமல் அது நேராக வயிற்றுக்குப் போகும். போனது அங்கே கல்லாக உட்கார்ந்துகொள்ளும். அதைச் செரிக்க வைக்க ஒரு வெற்றிலை போடுவான். அவன் வெற்றிலையை மென்று துப்பும்வரைதான் மாடுகள் தட்டைத் தின்னலாம். 'தூ' என்ற சத்தம் கேட்டால் நுகத்தடி கழுத்துக்கு வந்துவிடும்.

மாடுகள் என்ன செய்யும்? மெல்வதை விட்டுவிட்டு விழுங்கத் தொடங்கின.

ஏர்மாடுகளில் காரி என்று ஒன்று. கறுப்பு நிறம், முன்பக்கம் வளைந்த கொம்பு. செங்கோடன் பார்க்கும்போது தூணில் முதுகைச் சொறிந்துகொள்ளக்கூடச் சம்மதிக்காத மாடு. தன் பற்களின்மேல் அதற்குத் தனிப் பெருமை. தொழுவத்தில் மற்ற மாடுகளெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகியபோது, காரிதான் செங்கோடனிடம் போய் நின்றது.

"பண்ணாடி, தின்ன நேரம் பத்தலைங்க."

"தீனி பத்தலையா?"

"தீனி இருக்குதுங்க. நேரம்தான் இல்லை."

"தீனி இருக்குதில்ல? அப்புறம் என்னடா?"

காரி திரும்பிப் பார்த்தது. முந்தின நாள் தொழுவத்தில், 'போய்க் கேட்போம்' என்று காரி சொன்னதற்கு 'ஆமாம் ஆமாம்' என்று தலையாட்டிய மாடுகளெல்லாம் தண்ணீர்த்தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றன. அன்று காரிக்குக் கிடைத்தது சாட்டை. அடி வலிக்கவில்லை. தொட்டிக்குள் இருந்த தலைகள்தான் வலித்தன.

செங்கோடன் சந்தைக்கு ஏறிப்போக ஒரு குதிரை வைத்திருந்தான். அது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தது.

"காரி, உனக்குப் பேசத் தெரியலை. நான் பேசியிருந்தா இந்நேரம் கொள்ளே வந்திருக்கும்."

"உனக்குத்தான் கொள்ளு வருதே. அதனாலதானே நீ பேசறதே இல்லை" என்றது காரி.

நாள்கள் போயின. மெல்லாமல் விழுங்கியது செரிக்காமல் வெளியே வந்தது. சாணியில் தட்டு தட்டாகவே கிடந்தது. பாவாயி வறட்டி தட்டினால் பிடிக்கவில்லை, காய்ந்ததும் உதிர்ந்தது. மாடு விழுங்கிய புல்விதை நசுங்காமல் சாணியில் வந்து, எருவோடு வயலுக்குப் போய், செங்கோடன் விதைத்த சோளத்துக்கு முன்னால் தான் முளைத்து நின்றது. செங்கோடன் களையைத் திட்டினான். மண்ணைத் திட்டினான். மாட்டு வயிற்றை மட்டும் நினைக்கவில்லை.

அந்த வருடம் மழை பிந்தி வந்தது. வந்ததும் ஒரே நாள் கொட்டிவிட்டு ஓய்ந்தது. ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். செங்கோடன் பாதி வெற்றிலையிலேயே துப்பிவிட்டு ஏரைப் பூட்டினான். மழையில் நனைந்த பச்சைத்தட்டை அள்ளி அள்ளி விழுங்கியிருந்த காரியும், அதன் ஏர்ச்சோடி மயிலையும் நுகத்தில் நின்றன.

வயலின் பாதிக்கு வந்தபோது மயிலையின் நடை தடுமாறியது. அதன் இடது விலா தப்பட்டைபோல உப்பியிருந்தது. நாக்கு வெளியே தொங்கியது.

"மாப்ளே, இன்னும் ஒரு சால் போனா நான் விழுந்துருவேன்" என்றது மயிலை.

"விழ வேண்டாம். உட்காரு."

"அடிப்பாங்க."

"விழுந்தாலும் அடிப்பாங்க. உட்கார்ந்து வாங்கற அடிக்குக் கொஞ்சம் மரியாதை இருக்குது."

சொல்லிவிட்டுக் காரி முன்னங்காலை மடித்தது. ஒரே நுகம், மயிலையும் சேர்ந்து உட்கார்ந்தது. நடுவயலில், பாதி உழுத சாலில், ஏர் நின்றுபோனது.

"எந்திரிங்கடா! ஈரம் காயுது!" என்று செங்கோடன் கத்தினான்.

"எங்களுக்கும் தெரியுமுங்க, பண்ணாடி. அதனாலதான் இன்னைக்கு உட்கார்ந்தோம்" என்றது காரி. "தின்னதை மெல்ல நேரம் கொடுங்க. எந்திரிக்கிறோம்."

சாட்டை விழுந்தது. காரி எழவில்லை. இன்னும் விழுந்தது. காரி கண்ணை மூடிக்கொண்டது.

செங்கோடன் நுகத்தைக் கழற்றிக்கொண்டு குதிரையிடம் ஓடினான். குதிரை தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தது. வரும் வழியில் மாடுகளைப் பார்த்து, "உழவுன்னா எப்படின்னு இப்பப் பாருங்க" என்றது. ஆனால் குதிரைக்கு ஏது திமில்? நுகத்தடி நிற்கிற இடமே இல்லை. வைத்தால் கழுத்தில் வழுக்கியது. இழுத்தால் காதுவரை வந்து மாட்டிக்கொண்டது. குதிரை மூக்கால் மண்ணை உழுததுதான் மிச்சம்.

"இது என் தகுதிக்கு ஏத்த வேலையில்லை" என்று சொல்லிவிட்டு நிழலுக்குப் போய்விட்டது.

இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான், காரியின் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. உருண்டையாக ஒன்று மேலே ஏறித் தொண்டைக்கு வந்தது. உயிர்தான் வாய்வழியாகப் போகப் பார்க்கிறதோ என்று காரி பயந்துவிட்டது. வந்தது உயிரல்ல. விழுங்கிய தட்டு. வயிற்றில் ஊறி, மெத்தென்று, வெதுவெதுப்பாக வாய்க்குத் திரும்பியிருந்தது. 'இப்போதாவது நேரம் கிடைத்ததா உனக்கு?' என்று கேட்பதுபோல இருந்தது அது.

காரி கடைவாய்க்குத் தள்ளி மென்றது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். தட்டின் இனிப்பை நாக்கு மறந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அது இப்போது ஊறி வந்தது. மென்று விழுங்கியதும் அடுத்த உருண்டை தானாக வந்தது. விலா இளகியது. உட்காராமல் இருந்திருந்தால் இது தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது என்று காரி நினைத்துக்கொண்டது.

"மாப்ளே, பக்கவாட்டுல சாயாதே. காலை மடக்கி நெஞ்சுமேல உட்காரு. மூச்சை விடு. வரும்."

"என்ன வரும்?" என்றது மயிலை, கண் சொருகியபடி.

"நாம முழுங்கின சோறு."

"உனக்கு வெயில் தலைக்கேறிப்போச்சு, மாப்ளே."

இருந்தாலும் மயிலை நெஞ்சுமேல் நிமிர்ந்து உட்கார்ந்தது. சின்னதாக ஒரு ஏப்பம் வந்தது. அவ்வளவுதான் வந்தது, வயிறு இன்னும் உப்பித்தான் இருந்தது.

செங்கோடன் வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தான். காரியின் வாய் அசைவதைப் பார்த்தான்.

"வேலை செய்யாம உட்கார்ந்துக்கிட்டுத் திருட்டுத்தனமா என்னடா திங்கறே?"

"திருட்டு இல்லீங்க. நீங்க போட்டதுதான்."

காரியிடம் பேசிப் பயனில்லை என்று செங்கோடனுக்குத் தெரியும். இளகினவனைத்தான் முதலில் உடைக்க வேண்டும் என்பதும் தெரியும். மயிலையின் பக்கம் திரும்பிச் சாட்டையை ஓங்கினான். இப்போது மயிலை எழுந்தால் அந்தச் சால் முடிவதற்குள் செத்துவிடும். காரி கழுத்தை எட்டி நீட்டியது. இறங்கிவந்த சாட்டையைப் பல்லால் பிடித்து ஒரே கடி. சாட்டை இரண்டாக விழுந்தது. செங்கோடனின் விரல் மயிரிழையில் தப்பியது.

அவன் விரலைப் பார்த்தான். பிறகு காரியின் பல்லைப் பார்த்தான். இரண்டடி பின்னால் போனான்.

அந்த நேரத்தில் வரப்பின்மேல் பாவாயி வந்தாள். தலையில் சோற்றுப்பானை, கையில் ஒரு வறட்டி.

"ஏனுங்க, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று அவன் முகத்துக்கு முன்னால் வறட்டியை நசுக்கினாள். தட்டுத் துண்டுகள் முழுசு முழுசாக உதிர்ந்தன. "இதை அடுப்புல வைக்கிறதா, மறுபடி மாட்டுக்கே போடறதா? போன வெள்ளாமைக் களையை நினைச்சுப் பாருங்க. நீங்க விதைச்சது பாதி, உங்க மாட்டு வயித்துல இருந்து வந்து முளைச்சது பாதி."

"நீ வேற ஏன் புள்ளே. மாடு உட்கார்ந்துருச்சு."

"உட்காராம என்ன பண்ணும்? நீங்களும் முழுங்கறீங்க, அதையும் முழுங்க வைக்கிறீங்க. சோத்தை மெல்ல உங்களுக்கு நேரமில்லை, வெத்தலையை மெல்ல மட்டும் நேரமிருக்குது. அந்தச் சோத்தையே மென்னிருந்தா வெத்தலையே வேண்டாமே!"

நடுவயலில், மாடுகள் பார்க்க, மனைவி இப்படிச் சொன்னதும் செங்கோடன் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஈரம் காய்ந்துகொண்டிருந்தது.

"சரி, நேரம் தர்றேன்" என்றான் கடைசியில். "ஆனா கடிக்கிற மாட்டுக்குத் தரமாட்டேன். பல்லுக்குப் பயந்து கொடுத்தான்னு நாளைக்கு ஊர் பேசும். அந்த மேல்வரிசைப் பல்லை எனக்குக் கொடு. நேரத்தை எடுத்துக்க."

பயந்துதானே கொடுக்கிறாய் என்று காரிக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டது. அது மயிலையைப் பார்த்தது. மயிலையின் விலா ஏறி இறங்கச் சிரமப்பட்டது. இன்னும் கொஞ்சம் அசையாமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளும். கொடுப்பது பெருமைக்குரிய பல். தன்னிடம் இருந்த ஒரே ஆயுதமும் அதுதான். ஆனால் மெல்வது கடைவாய்ப்பல். முன்பல் கடிப்பதற்கு மட்டும்தான்.

"வாய்விட்டுச் சொல்லுங்க, பண்ணாடி. பாவாயம்மா கேட்கட்டும்" என்றது காரி. "அவசரத்துக்கு நாங்க முழுங்கிக்கிறோம். அப்புறம் படுத்து மெல்லுவோம். மெல்லற மாட்டை யாரும் எழுப்பக்கூடாது."

"எழுப்பமாட்டேன்."

"கொழுவைத் தொட்டுச் சொல்லுங்க."

செங்கோடன் குனிந்து கலப்பையின் இரும்புக் கொழுவைத் தொட்டுச் சொன்னான். அவன் கையை எடுத்த அதே இடத்தில் காரி வாயை வைத்தது. மேல்வரிசைப் பல் இரும்பைப் பற்றியது. காரி கழுத்தை ஒரு திருப்பு திருப்பியது. பாவாயி கண்ணைப் பொத்திக்கொண்டாள். சாலில் இரத்தத்தோடு பற்கள் உதிர்ந்தன.

"எண்ணிக்கிட்டு எடுத்துக்குங்க" என்றது காரி, பொக்கை வாயோடு.

செங்கோடன் எண்ணவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வரப்பில் போய் உட்கார்ந்தான். பாவாயி சோற்றை வைத்து, "நொறுங்கத் தின்னா நூறு வயசு. மென்னு தின்னுங்க" என்றாள். அன்றைக்குத்தான் கம்பஞ்சோறு இனிக்கும் என்று அவனுக்குத் தெரிந்தது. வெற்றிலைப் பையை அவன் தேடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மயிலை ஒரு ஏப்பம் விட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் குதிரை திடுக்கிட்டுத் துள்ளியது. மயிலையின் விலா இறங்கியது. வாய்க்கு வந்த முதல் உருண்டையை மயிலை ஆச்சரியத்தோடு மென்றது. மீதி வயலை அவை இரண்டும் வெயில் தாழ்ந்த பிறகு, ஈரம் இருக்கும்போதே, உழுது முடித்தன.

சேதி கேட்டு எருமை வந்தது, ஆடு வந்தது, காட்டிலிருந்து மான்கூட வந்தது. அவையும் கொழுவில் பல்லை வைத்துக் கொடுத்துவிட்டு உரிமையை வாங்கிக்கொண்டன. தொட்டிக்குள் தலையை விட்டிருந்த மாடுகளும் வந்தன. உட்கார்ந்து அடி வாங்கியது இரண்டு மாடு; படுத்து மெல்ல வந்தது ஊர் மாடெல்லாம். காரி அவற்றை ஒரு பார்வை பார்த்தது. பிறகு நகர்ந்து இடம் கொடுத்தது. வயிறு எல்லோருக்கும் ஒன்றுதானே.

குதிரை மட்டும் பல்லைக் கொடுக்கவில்லை. கடிபட இருந்த விரலைச் செங்கோடன் மறப்பானா? அதன் வாயில் கடிவாளத்தை மாட்டினான். குதிரைக்கு இன்றும் இரண்டு வரிசை முன்பல்லும் உண்டு. நடுவில் இரும்பும் உண்டு.

அடுத்த நாள் உச்சிப்பொழுதில், வாகை மர நிழலில், காரியும் மயிலையும் கால் மடித்துப் படுத்திருந்தன. காற்று லேசாக அடித்தது. செங்கோடன் பூனைபோல அடியெடுத்து வைத்து அவற்றைத் தாண்டிப் போனான்.

மயிலை மெல்வதை நிறுத்திவிட்டுக் காரியின் காதருகே குனிந்தது.

"மாப்ளே, பல்லைக் கேட்டாங்களே, கொம்பைக் கேட்க மறந்துட்டாங்க!"

"சத்தம் போடாதே" என்றது காரி, கண்ணைப் பாதி மூடியபடி. "மெல்லு."

அன்று உதிர்ந்த மேல்வரிசைப் பல் இன்றுவரை எந்தக் கன்றுக்கும் முளைக்கவில்லை; கொம்பு மட்டும் தவறாமல் முளைக்கிறது. நிழலில் படுத்து அசைபோடும் மாட்டை உழவன் எழுப்பாமல் சுற்றிக்கொண்டு போவதும் அந்த நாளிலிருந்துதான்.