ஏட்ரியன் சுவருக்குப் போகும் வழியில் ஒரு வேலிக்கதவு

அறிவாளிகளும் போய்வரும் இடந்தான் அது. அதனால் பழியை இடத்தின்மேல் போட வழியில்லை. இங்கிலாந்தின் வடக்கே ஹெக்ஸம் என்றோர் ஊர். அதற்கு வெளியே, மேட்டு நிலத்தில், ரோமானியர் கட்டிய நெடுஞ்சுவர் ஓடுகிறது. ஏட்ரியன் என்ற பேரரசன் வடக்கத்தியாரைத் தடுக்க எழுப்பியது என்று விளக்கினேன். நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். கேட்காவிட்டாலும் விளக்குவேன்.

சகித்துக்கொண்டவர்கள் நண்பர் மெய்யப்பனும் அவர் மனைவி அழகம்மை ஆச்சியும். ஹெக்ஸத்தில் மகள் வீட்டில் அன்று மாலை பேத்திக்கு முதல் பிறந்தநாள். தேவகோட்டையிலிருந்து அவர்கள் விமானமேறி வந்ததே அதற்காகத்தான். கடைசிப் பேருந்தைப் பிடித்தால் கேக் வெட்டுவதற்குள் போய்விடலாம்.

சுவருக்கு ஆட்டு மேய்ச்சல் நிலத்தின் வழியே போகவேண்டும். வேலிக்கதவில் ஒரு பலகை: ‘கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச் செல்லவும்.’ நான்தான் அழுத்தமாக மொழிபெயர்த்தேன். கதவு பாதி திறந்திருந்தது. இடைவெளியில் ஓர் ஆடு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதை உரசிக்கொண்டு நுழைந்தோம்.

சுவரைப் பார்த்தோம். சுவர் மாதிரியே இருந்தது. திரும்பி வந்தால் கதவு பாதி திறந்திருக்கிறது, ஆட்டைக் காணோம்.

“போச்சு! நாம பாத்தப்ப ஆடு நின்னுச்சே?” என்றார் ஆச்சி.

“ஆடு கதவோட சேத்தியா, வாத்தியாரே?” என்று கேட்டார் மெய்யப்பன்.

நான் தாடையைத் தடவினேன். “ஆடு இருந்த கதவு வேறு, ஆடு இல்லாத கதவு வேறு.”

“அப்ப ஒண்ணப் புடிங்கண்ணே, பஸ்ஸு வந்துரும்!” என்றார் ஆச்சி.

விரட்டினோம். ஆடுகளுக்கு எங்களைவிட உள்ளூர் விவரம் தெரிந்திருந்தது. நான் விழுந்த இடங்களில் ஒன்றுதான் வெறும் சேறு.

கடைசியில் ஆச்சி கணவரை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளைக் கம்பளிச் சட்டை, கம்பளிக் குல்லாய், வாயில் ஊரிலிருந்து கொண்டுவந்த வெற்றிலை.

“நீங்களே நில்லுங்க. மென்னுக்கிட்டுத்தானே இருக்கீக?”

“என்னைய விட்டுட்டு கேக்கு வெட்டப் போறியாக்கும்?”

“ஒரு துண்டு எடுத்தாறேன்.”

நின்றார். ஆட்டைவிட ஒழுங்காகவே நின்றார்.

அப்போது பண்ணைக்காரர் நாயோடு வந்து சீழ்க்கையடித்தார். அந்த நாய் பேதம் பார்க்காதது; ஆடுகளையும் எங்களையும் ஒரே மந்தையாக உள்ளே தள்ளியது. பண்ணைக்காரர் எங்களுக்கு மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

சாலையில் பேருந்து வந்து நின்றது.

“தொறந்து போயிட்டு, திரும்பச் சாத்திருவோம்!” என்றார் மெய்யப்பன். அன்று எங்களில் ஒருவர் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை. வெளியே வந்து சாத்தினோம். ஓடப்போனவன், பொறுப்புள்ளவனாகையால், திரும்பிப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆடுகள் நின்றன. ஆனாலும் ஏதோ குறைந்தது.

“நாம் எங்கே?” என்றேன்.

“அட, ஆமா! அவரு சாத்தினப்ப நாம உள்ளேயில்ல நின்னோம்!” என்றார் ஆச்சி.

அவசரமாக உள்ளே போய்ச் சாத்திக்கொண்டோம். பேருந்து புறப்பட்டுப் போயிற்று. மெய்யப்பனின் கைப்பேசி ஒலித்தது, மகள்.

“அப்பச்சி, எங்க இருக்கீக? கேக்கு வெட்டணும்!”

மெய்யப்பன் நிம்மதியாகச் சொன்னார்: “இருந்த எடத்துலயேதான் இருக்கோம் ஆத்தா. ஒண்ணும் மாறல.”