அஞ்சா நெஞ்சர் பட்டம் கைமாறிய கதை

இந்தக் கதையை நான் நேராகக் கேட்டதில்லை. விடுதியில் என்னோடு தங்கியிருந்த நண்பனுக்கு அவன் மாமா சொன்னது. அவன் எனக்குச் சொன்னான். ராஜாவின் பெயரை அவனே ஒருநாள் ஒருமாதிரி சொல்வான், மறுநாள் வேறுமாதிரி சொல்வான். எனக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டேன்.

ஒரு காலத்தில் செங்குழி நாட்டை விறல்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான், பட்டப்பெயர் என்றால் மட்டும் உயிர். அவர் சபைக்குள் கால் வைத்ததும் கட்டியங்காரன் மருதையன் முப்பத்திரண்டு பட்டங்களையும் ஒரே மூச்சில் முழங்க வேண்டும். "புலிக்கு அஞ்சாதவர்! இடிக்கு அஞ்சாதவர்! பதினாறு வயதில் ஆற்று வெள்ளத்தில் குதிரையோடு பாய்ந்த அஞ்சா நெஞ்சர்!" பாதி நாள் அவனுக்கு இருபதிலேயே மூச்சு தீர்ந்துவிடும். மிச்சத்தை இருமிக்கொண்டே சொல்வான்.

தளபதி உக்கிரசேனருக்குப் பட்டம் ஒன்றுகூட இல்லை. "என் பெயருக்கு முன்னால் சின்னதாக ஒன்று சேர்த்துச் சொல்லேன்" என்று மருதையனிடம் கேட்டுப் பார்த்தார். "ராஜா கொடுத்தால்தான் என் வாயில் வரும், ஐயா" என்றான் அவன். அன்றிலிருந்து தளபதிக்கு அவன்மேல் கடுப்பு.

அந்த ஐப்பசியில் ராஜாவின் மகள் இளநாச்சி தோழிகளிடம் பந்தயம் கட்டினாள். வயது பதினைந்து. அக்கரையில் கூத்து, ஆற்றிலோ வெள்ளம். போயே காட்டுகிறேன் என்று பரிசல்காரன் சடையனின் பரிசலை அவிழ்த்துக்கொண்டு தனியாகப் போனாள். பரிசல் பாறையில் மோதிக் கிழிந்தது. அவள் நாணலைப் பிடித்துக் கரையேறி, வீட்டுக்கு ஆள் அனுப்பாமல் ஒளிந்துகொண்டாள். மறுநாள் காலையில் பிடிபட்டாள்.

அப்படியே சபைக்குக் கொண்டுவந்தார்கள். ராஜா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. "ஏழு வருஷம் மலைக்கோட்டையில் அடையுங்கள்!"

"பத்தாக்குங்கள் மகாராஜா!" என்று எழுந்தார் உக்கிரசேனர். "என் பிள்ளை மட்டும் இப்படிச் செய்திருந்தால்..."

"உமக்குத்தான் பிள்ளையே இல்லையே?"

"அதனால்தான் பிரபு, பிள்ளை வளர்ப்பு எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது."

இளநாச்சி மோவாயைத் தூக்கிக்கொண்டு விட்டத்தைப் பார்த்தாள்.

"மருதையா, தீர்ப்பைச் சொல்!"

கட்டியங்காரன் சொல்லி முடித்த தீர்ப்பை ராஜாவே நினைத்தாலும் மாற்ற முடியாது. அந்த நாட்டு வழக்கம் அப்படி. அவன் வாயை மூடுவதற்குள் அந்தப் பெண்ணின் ஏழு வருஷம் போய்விடும். மருதையன் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

"மகாஜனங்களே! ஆற்று வெள்ளத்தில் பாய்ந்ததற்காக அஞ்சா நெஞ்சர் பட்டம் பெற்ற நம் மகாராஜா, ஆற்று வெள்ளத்தில் பாய்ந்ததற்காகத் தம் மகளுக்கு..." நிறுத்திவிட்டான்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஏண்டா நிறுத்தினாய்?"

"இடிக்கிறது மகாராஜா. ஒரே காரியத்துக்கு அப்பாவுக்குப் பட்டம், மகளுக்குப் பூட்டா? கேட்கிறவன் எனக்குத்தான் நாக்குப் புரண்டது என்பான்."

"அந்த நாக்கை அறுங்கள்!" என்றார் உக்கிரசேனர்.

"இரும் ஐயா!" என்ற ராஜா மருதையனிடம் திரும்பினார். "அதுவும் இதுவும் ஒன்றா? அது வேறு, இது... இது வேறு!"

"வேறுதான் பிரபு. நாக்கு இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். நேற்று மாலை ஆற்றங்கரையில் ஒருவர் ஒற்றைச் செருப்போடு முழங்கால் சேற்றில் நின்று மகள் பேரைக் கூவினார். எல்லைக் காளிக்கு இரண்டு கிடா நேர்ந்துகொண்டு, 'இரண்டு போதுமாடா?' என்று என்னையே கேட்டார். அவர் யாரென்று முப்பத்திரண்டு பட்டத்திலும் தேடுகிறேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை."

"மகாராஜா பயந்தார் என்கிறாயா?" என்று கத்தினார் உக்கிரசேனர்.

"நான் சொல்லவில்லை. அந்த வார்த்தையைச் சபையில் சொன்னது தாங்கள்தான், தளபதி."

மருதையன் தன் நாக்கைப் பல்லுக்குப் பின்னால் பத்திரப்படுத்திக்கொண்டான்.

"பயந்துதான் போனேன்" என்றார் ராஜா. "அன்றைக்கு வெள்ளத்தில் குதிரை செத்துப்போனது. நான் கரையேறி வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் பட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் யாரிடம் போய் நடுங்குவது?"

இளநாச்சியின் மோவாய் இறங்கியது. "நானும் பயந்தேன் அப்பா. ஒளிந்ததும் அதனால்தான். அஞ்சா நெஞ்சரிடம் வந்து அதை எப்படிச் சொல்வது?"

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கிய வேகத்தில் கிரீடம் உருண்டது. எடுக்க ஓடியவர்களை அவர் கவனிக்கவில்லை. "என்னம்மா நடந்தது? முதலிலிருந்து சொல்" என்றார். பிடிபட்டதிலிருந்து அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்துவிட்டு ராஜா கேட்டார். "சடையன் பிழைப்பே அந்தப் பரிசல்தான். அதற்கு என்ன செய்வது?"

"நான்தான் செய்து கொடுக்க வேண்டும்."

"செய். மூங்கில் கையைக் கிழிக்கும். கிழிக்கட்டும். வெள்ளம் வடிந்ததும் கூத்துக்குச் சேர்ந்தே போவோம். எனக்கும் பார்க்க ஆசைதான்."

மருதையன் மெல்லக் கேட்டான். "அப்போது அந்த அஞ்சா நெஞ்சர் பட்டம்? சும்மா கிடக்கிறதே, பிரபு."

ராஜா தளபதியைப் பார்த்தார். தளபதிக்கு மீசை துடித்தது. "கிடைக்குமா மகாராஜா?"

"உமக்கே உமக்கு! இளநாச்சி செய்யும் பரிசலில் முதல் சவாரி நீர் தனியாகப் போக வேண்டும். அவ்வளவுதான்."

பரிசல் தயாரானது. "கயிறு கட்டாமல் ஒருவரும் ஏறக்கூடாது" என்று முடிச்சுப் போட்டவள் இளநாச்சி. கவசம், வாள் சகிதம் ஏறிய உக்கிரசேனர் ஒரே பக்கமாகத் துடுப்பைப் போட்டார். பரிசல் பம்பரமாகச் சுற்றியது. "ஐயோ! எனக்கு நீச்சல் தெரியாது!" கரையிலிருந்து மருதையன் இருமாமல் முழங்கினான். "இருந்த இடத்தை விட்டு அசையாத அஞ்சா நெஞ்சர்!" இளநாச்சியும் சடையனும் கயிற்றைப் பிடித்து அவரைக் கரைக்கு இழுத்தார்கள்.

இதில் ஒன்றைத்தான் என்னால் சரிபார்க்க முடிந்தது. பரிசல் ஓட்டும் ஒருவரிடம் பிறகு கேட்டேன். பழகாதவர் துடுப்புப் போட்டால் பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றுமாம், உண்மைதான். அப்போது கரையிலிருந்து கத்தினால் கேட்குமா என்றும் கேட்டேன்.

"எங்க கேக்கும்? கத்திப் பிரயோசனமில்ல தம்பி. கயிறப் போட்டா பிடிச்சிக்குவாங்க" என்றார்.