தலைவர் வைத்த கன்று

எல்லையம்மன் மேல் ஆணை, இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும்.

பங்குனியில் வேம்பு பூத்தால் போதும், ஊராட்சித் தலைவர் மாசிலாமணி மரக்கன்று நட்டு போட்டோ எடுத்துக்கொள்வார். இந்த வருடம் கலெக்டரையும் கூட்டிவந்தார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை பார்க்கும் சடைச்சியைப் பார்த்து, "போன வருஷம் நான் வச்ச கன்னு எங்க? காட்டலேன்னா உனக்கு வேலை கிடையாது" என்று உறுமினார்.

சடைச்சி மேய்ச்சலிலிருந்து ஒரு கன்றுக்குட்டியை ஓட்டிவந்தாள்.

"என்ன நக்கலா? இது மாட்டுக்கன்னு."

"நீங்க வச்ச கன்னுதாங்க. அன்னிக்கே ஒரு மாடு மேய்ஞ்சிடுச்சு. அது போட்டது இது."

"எவன் வீட்டு மாடு? அவனைச் சும்மா விடமாட்டேன்."

சடைச்சி கயிற்றை அவிழ்த்தாள். கன்று நேரே தலைவர் வீட்டுத் தொழுவத்துக்குள் ஓடி, தாய்மடியை முட்டியது.

கலெக்டர் சிரித்துவிட்டார். சடைச்சியின் வேலை பிழைத்தது.

நான் சொன்னதாக மூச்சு விடாதீர்கள். எனக்குக் காப்பிக்குப் பால் அந்த மாட்டிடமிருந்துதான் வருகிறது.