மலைக் கல்லூரியா, மண்டிக் கல்லூரியா?

ஓர் ஏரிக்கரைப் புதரில் கீரிக் குடும்பம் ஒன்று வளை தோண்டி வாழ்ந்துவந்தது. வளைக்குப் பக்கத்திலேயே ஒரு புற்று இருந்தது. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதைதான் அங்கேயும் நடந்தது. பெரிய நாகம் ஒன்று வந்து உள்ளே சுருண்டுகொண்டது.

கீரிக்கும் பாம்புக்கும் பகை என்று ஊரே சொல்கிறது. பகை மட்டும் இருந்தால் போதுமா? சண்டை போடத் தெரிய வேண்டாமா? அப்பாக் கீரிக்கு ஒரு நாய் கடித்ததில் பின்னங்கால் விளங்காமல் போயிருந்தது. அம்மா பிள்ளைத்தாய்ச்சி. மூத்த மகள் தும்பைக்கோ எலி பிடிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. குட்டிகள் பிறப்பதற்குள் பாம்பை விரட்டாவிட்டால், பிறந்த வளையை விட்டுவிட்டு எங்காவது போய்த் தொலைய வேண்டியதுதான்.

"நான் படிக்கப் போறேன்பா. பாம்புச் சண்டை படிச்சுட்டு வந்து இதை நானே விரட்டுறேன்" என்றாள் தும்பை.

செய்தி கேட்டு அக்கரையிலிருந்து அத்தை வந்துவிட்டாள். "படிக்கிறதுன்னா மூங்கில்மலைக் கல்லூரியிலதான் படிக்கணும். எங்க செங்கோடன் அங்கதான் படிச்சான். முதல் வகுப்பு! அங்க படிச்சவன்னு சொன்னாலே நாலு பேரு எழுந்து நிப்பாங்க."

"பாம்பும் எழுந்துதான் நிக்கும் அத்தை" என்றாள் தும்பை. "மூங்கில்மலை ரொம்பத் தூரமாச்சே. பக்கத்து டவுன்லயே ஒரு கல்லூரி இருக்குன்னாங்களே?"

"அந்த மண்டிக் கல்லூரியா?" அத்தையின் மூக்கு சுருங்கியது. "நெல்லு மண்டிக்குப் பின்னால, சாக்கடை ஓரத்துல, லாரிச் சத்தத்துல! அதெல்லாம் ஒரு கல்லூரியா? அங்க படிச்சா நாளைக்கு உன்னை எவன் கட்டிக்குவான்?"

வேலியில் உட்கார்ந்திருந்த ஓணான் பலமாகத் தலையாட்டியது. மலைக் கல்லூரிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதுதான் அதன் பிழைப்பு. ஆள் சேர்த்துவிட்டால் மலைத் தோட்டத்துப் பூச்சிகளை வயிறு நிறையத் தின்னலாம்.

தும்பை அதனிடம் கேட்டாள். "அங்க நல்லா சொல்லித் தருவாங்களா?"

ஓணான் தலையாட்டியது.

"விடுதி வசதியா இருக்குமா?"

அதற்கும் தலையாட்டியது.

"அங்க ஒண்ணுமே சொல்லித் தர மாட்டாங்களாமே?"

அதற்கும் ஆட்டியது. அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதே தாயி. ரெண்டு இடத்தையும் நீயே போய்ப் பார்த்துட்டு வா" என்றார்.

தும்பை முதலில் மலைக்குப் போனாள். காடு கடந்து, ஓடை கடந்து, கால் கெஞ்சக் கெஞ்ச ஏறினாள். கல்லூரியைப் பார்த்ததும் அலுப்பெல்லாம் பறந்துவிட்டது. கல்லால் ஆன நுழைவாயில், வரிசை வரிசையாக நாகலிங்க மரங்கள், வால் முடியை வாரிவிட்ட மாணவர்கள். இங்கேயே இருந்துவிடலாமா என்று அவளுக்கு உண்மையாகவே ஆசை வந்தது.

உள்ளே பெரிய பந்தல் ஒன்றில் நீள நீளமாகப் புடலங்காய்கள் தொங்கின. மாணவர்கள் அவற்றின் முன்னால் நின்று கிழக்கே ஒரு வணக்கம், தெற்கே ஒரு வணக்கம், மேற்கே ஒரு வணக்கம், வடக்கே ஒரு வணக்கம் வைத்தார்கள். பிறகு ஒரே தாவு! என்ன உயரம், என்ன அழகு! புடலங்காய் கடிபட்டுக் கீழே விழுந்தது.

"ஐயா, பாம்பு எங்கே?" என்று கல்லூரி முதல்வரிடம் கேட்டாள் தும்பை.

"பாம்பா?" முதல்வர் மீசையைத் தடவிக்கொண்டார். "நம்ம கல்லூரியோட பேரைக் கேட்டே பாம்பெல்லாம் மலையை விட்டு ஓடிடுச்சு அம்மா. எங்க தாத்தா காலத்துக்கு அப்புறம் இங்க ஒரு பாம்பை யாரும் பார்த்ததில்லை." அதில் அவருக்கு எவ்வளவு பெருமை!

தும்பை வணங்கிவிட்டு மலையிறங்கினாள்.

அடுத்து மண்டிக் கல்லூரி. அத்தை சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. சாக்கடை நாறியது. லாரி உறுமியது. பழைய கிடங்கில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே வகுப்பு நடந்தது. காது கிழிந்த ஆசிரியை ஒருத்தி அவளை வாசலிலேயே தடுத்தாள்.

"அங்கயே நில்லு. எலி தின்ன விருந்தாளி ஒருத்தர் வந்திருக்கார்."

மூட்டைக்குப் பின்னாலிருந்து நிஜ நாகம் ஒன்று படமெடுத்தது. தும்பைக்கு உயிரே போய்விட்டது. மாணவர்கள் ஓடவில்லை. ஆசிரியை பாடத்தை ஆரம்பித்தாள். "பாருங்க பிள்ளைங்களா. அது எவ்வளவு உயரம் எழும்புதோ, அவ்வளவு தூரம்தான் கொத்தும். அதுக்கு ஒரு சாண் வெளியே நில்லுங்க. ஆசை காட்டுங்க, விலகுங்க. அதுவே கொத்திக் கொத்திச் சலிச்சுப் போகட்டும்."

தும்பை அன்றைக்கே சேர்ந்துவிட்டாள். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். ஓணான் அதற்கும் தலையாட்டியது.

காலையில் மண்டிக்குப் போவாள், பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவாள். மேலெல்லாம் சாக்குத் தூசி. உடம்பெல்லாம் சிராய்ப்பு. அப்பா பச்சிலை அரைத்துப் போடுவார். சில நாள் வலியில் அழுதாள். ஆனாலும் ஒரு நாளும் மட்டம் போடவில்லை.

அம்மாவுக்கு நாள் நெருங்கியது. அத்தை தன் மகன் செங்கோடனை அழைத்துக்கொண்டு நலம் விசாரிக்க வந்தாள். அன்றைக்கென்று பார்த்து நாகமும் புற்றை விட்டு வந்து வளை வாசலில் படமெடுத்து நின்றது. உள்ளே அம்மா. வெளியே வர வேறு வழியில்லை.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று செங்கோடன் மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னே போனான். கிழக்கே ஒரு வணக்கம் வைத்தான். தெற்கே ஒரு வணக்கம் வைத்தான். மேற்கே திரும்பியபோது அவன் முதுகு பாம்புக்கு நேராக இருந்தது. புடலங்காய் காத்திருக்கும். பாம்பு காத்திருக்குமா?

"தாவுங்க அத்தான்!" என்று கத்தினாள் தும்பை.

செங்கோடன் தாவினான். சும்மா சொல்லக் கூடாது, அப்படியொரு தாவலை அந்த ஏரிக்கரை கண்டதில்லை. பாம்பின் பல்லில் வால் முடி மட்டும்தான் சிக்கியது.

அடுத்த நொடி தும்பை குறுக்கே நின்றாள். பாம்பு எழும்பிய உயரத்தைக் கண்ணால் அளந்தாள். ஒரு சாண் தள்ளி நின்று மூக்கை நீட்டினாள். பாம்பு கொத்தியது. விலகினாள். மறுபடி நீட்டினாள். மறுபடி மண்ணைத்தான் கொத்தியது. வெயில் ஏற ஏறப் பாம்புக்கு மூச்சு வாங்கியது. படம் சுருங்கித் தலை மண்ணில் சாய்ந்தபோது தும்பை அதன் பிடரியைக் கவ்வினாள்.

"விட்டுடு. நான் ஊரை விட்டே போயிடுறேன்" என்று கெஞ்சியது பாம்பு. "ஆமா, நீ எந்தக் கல்லூரி?"

"மண்டிக் கல்லூரி."

"அதானே பார்த்தேன்" என்றது பாம்பு. தும்பை பிடியைத் தளர்த்தியதும் ஏரிக்கரையைத் தாண்டி ஊர்ந்து மறைந்தது. அத்தை வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரமே அம்மா அதே வளையில் குட்டிகள் ஈன்றாள். செங்கோடன் தயங்கித் தயங்கித் தும்பையிடம் வந்தான்.

"நாளைக்கு நானும் உன்கூட மண்டிக்கு வரட்டுமா?"

"தாராளமா வாங்க அத்தான். அந்தத் தாவலை எங்க வகுப்புல யாருக்கும் போடத் தெரியாது. நீங்க அதைச் சொல்லிக் குடுங்க" என்றாள் தும்பை.

நீதி: கல்விக்கூடத்தின் பேரையும் புகழையும் பார்த்துச் சேராதே, உனக்கு வேண்டிய பாடம் அங்கே இருக்கிறதா என்று உன் கண்ணால் பார்த்துச் சேர்.